கேமராவுக்குள் இன்னொரு மென்பொருள்: வாசகர் கேள்வி பதில்

பழைய கேமராக்களை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. கேமராவின் ஃபர்ம்வேரை மாற்றினால் வீடியோவின் தரம் கூடுமா, கூடுமென்றால் எவ்வளவு, ஆபத்து உண்டா? கும்பகோணத்தில் அப்பா நடத்திய ஸ்டுடியோவில் வீடியோ கேசட் காலத்தில் தொழிலுக்கு வந்தவன் நான். இந்த மென்பொருளோடு பல ஆண்டுகள் திருமண மண்டபங்களில் நின்றிருக்கிறேன். இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நண்பரிடமிருந்து கேனான் 550டி கேமரா வாங்கியிருக்கிறேன். மேஜிக் லேன்டர்ன் என்ற மென்பொருளை ஏற்றினால் வீடியோ இரண்டு மடங்கு தரமாக வரும் என்கிறார்கள். அது என்ன? சொல்வது உண்மையா?
– ச.மு., விருதுநகர்

ஷட்டர் எப்போது திறக்க வேண்டும், படத்தை எப்படிச் சுருக்கிக் கார்டில் எழுத வேண்டும், மெனுவில் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று கேமராவை உள்ளிருந்து நடத்துகிற மென்பொருள்தான் ஃபர்ம்வேர். அதை எழுதுவது கேமராவைச் செய்த நிறுவனம்.

ஒரே ஒரு கேமராவின் கதையைச் சொன்னால் மற்றது விளங்கிவிடும். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபோது, புகைப்படக் கேமராவில் இப்படி ஒரு வீடியோவா என்று தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் வியந்தோம். ஆனால் நொடிக்கு 30 ஃபிரேம் மட்டுமே கிடைத்தது. ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) மூன்றையும் வீடியோவில் கேமராவே முடிவு செய்தது. ஒலியின் அளவையும் அதுவே முடிவு செய்தது. கையால் எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வைக்கும் வசதியை 2009 ஜூனில் கேனான் தன் ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் தந்தது. 24, 25 ஃபிரேம்களும், ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதியும் 2010 மார்ச்சில் வந்தன. படத்தைப் பிடிக்கும் சிப்பான சென்சார் அதேதான், லென்ஸ் அதேதான், மாறியது மென்பொருள் மட்டும். வாங்கிய நாளிலிருந்தே அந்தக் கேமராவால் முடிந்த காரியங்கள் அவை.

அந்த இடைவெளியில், 2009இல், டிராமெல் ஹட்சன் என்பவர் அதே கேமராவுக்காக எழுதத் தொடங்கியதுதான் மேஜிக் லேன்டர்ன். ஒலி அளவைக் கேமரா தானாக ஏற்றி இறக்குவதை நிறுத்துவது, திரையில் ஒலி மீட்டரைக் காட்டுவது, வெளிச்சம் அளவுக்கு மீறிய இடங்களில் ஜீப்ரா கோடுகள் போடுவது ஆகியவை அதன் தொடக்க கால வேலைகள். நிரல் எல்லோருக்கும் திறந்தது, காசு கிடையாது. பின்னர் பலர் சேர்ந்து 550டி, 600டி, 60டி, 7டி, 5டி மார்க் 3 என்று மற்றக் கேமராக்களுக்கும் கொண்டுவந்தார்கள்.

இனி உங்கள் 550டி. இரண்டு மடங்கு தரம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அந்தக் கேமராவின் சென்சாரில் குறுக்காக 5184 புள்ளிகள் உண்டு. வீடியோ எடுக்கும்போது அது எல்லா வரிகளையும் படிப்பதில்லை. நெடுக்கில் மூன்று வரிக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தாண்டிவிடுகிறது. குறுக்கிலும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் உண்மையாகக் கிடைப்பது 1728 புள்ளிகள்தான். அதைத்தான் 1920 ஆக இழுத்துத் தருகிறது. பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையிலும் கட்டம் போட்ட சட்டையிலும் ஜன்னல் கம்பியிலும் வானவில் போல நெளியும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். தாண்டிய அந்த வரிகளால் வரும் வினை அது. மேஜிக் லேன்டர்ன் ஏற்றினாலும் வழக்கமான வீடியோவில் அது போகாது. இரண்டடி முன்னோ பின்னோ நகர்ந்து நிற்பதும், அப்பர்ச்சரைத் திறந்து பின்னணியை மங்கலாக்குவதும்தான் அதற்கு மருந்து.

அப்படியானால் என்னதான் கிடைக்கிறது? கேமரா உங்களைக் கேட்காமல் எடுக்கிற முடிவுகள் உங்கள் கைக்கு வருகின்றன. விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெள்ளைச் சமநிலையைக் கெல்வின் எண்ணாக வைக்க 550டியில் வழியில்லை, மேஜிக் லேன்டர்னில் உண்டு. மணவறையிலிருந்து வாசல் பக்கம் கேமராவைத் திருப்பும்போது முகங்கள் மஞ்சளிலிருந்து நீலத்துக்குத் தாவுவது நின்றுவிடும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டிமேல் வீடியோ விளக்கு விழுந்து மடிப்பெல்லாம் கரைந்து வெறும் வெள்ளைத் துணியாக நிற்கும் தருணத்தில், திரையில் வேட்டிமேல் ஜீப்ரா கோடுகள் ஓடும். விரலை உருட்டி ஒரு படி குறைத்தால் மடிப்பு திரும்ப வந்து உட்காரும். படம் பிடிக்கும்போதே அதைக் கண்ணால் பார்க்க முடிவதைத்தான் நான் தரம் என்பேன். ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று விளிம்புகளில் புள்ளி போட்டுக் காட்டும் வசதியும் அப்படியே. கையால் திருப்பும் பழைய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

கேள்வி: பிட்ரேட்டை மூன்று மடங்கு வரை ஏற்றலாம் என்று படித்தேன். ஏற்றினால் படம் அவ்வளவு கூர்மையாகுமா?
– இரா.கோ., நாமக்கல்

ஆகாது. பிட்ரேட் என்பது ஒரு நொடி வீடியோவுக்குக் கார்டில் எழுதும் தகவலின் அளவு. இந்தக் கேமராக்கள் எச்.264 என்ற சுருக்கும் முறையில், நொடிக்குச் சுமார் 44 மெகாபிட் வேகத்தில் எழுதுகின்றன. 4 ஜிபி கோப்பு ஏறக்குறைய 12 நிமிடத்தில் நிரம்புவது அதனால்தான். அந்த எண்ணைக் கூட்டினால், சுருக்கும்போது போகிற நுணுக்கம் கொஞ்சம் குறைவாகப் போகும். ஆனால் சுருக்குவதற்கு முன்பே சென்சாரில் தாண்டிப்போன வரிகளும், 8 பிட்டாக, அதாவது 256 படிகளாக, குறுக்கப்பட்ட நிறமும் அதனால் திரும்ப வராது. மடை திறந்து ஓடும் தண்ணீர், காற்றில் ஆடும் தென்னங்கீற்று, அட்சதை மழை போல ஃபிரேம் முழுவதும் அசைகிற காட்சிகளில் வித்தியாசம் தெரியும். அசையாமல் பேசுகிற ஒருவரின் முகத்தில் நான் எவ்வளவு தேடியும் கண்டதில்லை. அதோடு கார்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் பதிவு நடுவில் நின்றுவிடும். முகூர்த்தத்தில் கை வைக்கக்கூடாத பொத்தான் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: திருமண வீடியோ எடுக்கிறேன். மந்திரம் சொல்லும்போது ஒரே இரைச்சல். கெட்டிமேளம் கொட்டியதும் ஒலி அமுங்கிவிடுகிறது. தனி மைக் வாங்கியும் தீரவில்லை. மென்பொருளில் வழியுண்டா?
– அ.ப., மன்னார்குடி

உண்டு. எனக்கு வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

மைக்கில் பிழையில்லை. ஒலியைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு கேமராவுக்குள் இருக்கிறது. சுற்றிலும் அமைதியாக இருந்தால், ‘ஒன்றும் கேட்கவில்லையே’ என்று அது ஒலியைத் தூக்குகிறது. கேமராவின் உள்ளேயே இருக்கும் மின்சுற்றின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து மேலே வருகிறது. தவிலில் முதல் அடி விழுந்ததும் பயந்து சட்டென்று கீழே தள்ளுகிறது. தவில் நின்ற பிறகும் உடனே திரும்புவதில்லை. மெல்ல மெல்லத்தான் ஏறும். தாலி கட்டி முடித்ததும் பெண்ணின் அம்மா விம்முவது, ஐயர் தாழ்ந்த குரலில் அடுத்த மந்திரத்தைத் தொடங்குவது எல்லாம் அந்தச் சரிவுக்குள் விழுந்துவிடுகின்றன.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். ஊஞ்சலில் பெண்ணும் மாப்பிள்ளையும். நாகஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முடித்துச் சீவாளியை எடுத்துத் துடைக்கிறார். அந்த இடைவெளியில் பெண்ணின் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி ஒரு லாலிப் பாட்டை எடுத்தார். மைக் கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது. கூடம் முழுவதும் அடங்கிவிட்டது. நான் அருகில்தான் நின்றேன். பாட்டியின் முகத்தை நல்ல நெருக்கத்தில் எடுத்தேன். காதில் ஹெட்போன் மட்டும் இல்லை.

அடுத்த வருடம் பாட்டி காலமாகிவிட்டார். அந்தக் குடும்பத்தினர் பென் டிரைவோடு என்னைத் தேடி வந்தார்கள். பாட்டியின் குரல் அந்த ஒரு வீடியோவில்தான் இருக்கிறதாம். போட்டுக் கேட்டேன். முதல் இரண்டு அடி ஏறக்குறைய இல்லவே இல்லை. நாகஸ்வரத்துக்காகக் கீழே போன ஒலி ஏறி வருவதற்குள் பாட்டி பல்லவியை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு குரல் கேட்டது, குரலைவிடப் பெரிதாக இரைச்சலும் கேட்டது. எடிட்டிங் மேசையில் மூன்று நாள் உட்கார்ந்து இரைச்சலைக் குறைத்துக் கொடுத்தேன். அந்த முதல் இரண்டு அடியை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் மேஜிக் லேன்டர்னை நான் ஒழுங்காகக் கற்றேன். 550டி, 5டி மார்க் 2 போன்றவற்றில் அதன் ஒலி மெனுவுக்குப் போய்த் தானியங்கி அளவை அணையுங்கள். பிறகு கேமராவின் உள் பெருக்கத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட்டு, மைக்கிலோ கேமராவுக்கு முன்னால் வைக்கும் சிறு மிக்சரிலோ ஒலியைக் கூட்டுங்கள். இரைச்சல் கேமராவின் பெருக்கியில்தான் பிறக்கிறது. அதற்கு வேலை குறைந்தால் இரைச்சலும் குறையும். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாப்பிள்ளை அழைப்பின்போதே மேளக்காரர்களின் பக்கத்தில் நின்று, அவர்கள் உரக்க வாசிக்கும் நேரத்தில் திரையில் ஓடும் மீட்டர் சிவப்பைத் தொடாதபடி அளவை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அதைத் தொடாதீர்கள். மந்திரம் மெதுவாகத்தான் பதிவாகும், பரவாயில்லை. மெதுவாகப் பதிவான ஒலியை எடிட்டிங்கில் தூக்கலாம். உடைந்த ஒலியையும் சரிந்த ஒலியையும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கேமராக்களில் ஹெட்போன் துளை இல்லை. ஆனால் டிவியில் இணைக்கும் ஏவி வயர் வழியாக, பதிவாகிக்கொண்டிருக்கும் ஒலியைக் கேட்க மேஜிக் லேன்டர்ன் வழி செய்கிறது. அந்த வயரின் முனையில் ஹெட்போனை மாட்ட ஓர் இணைப்பான் வேண்டும். எல்லா மாடல்களிலும் ஒலி மெனு ஒன்றுபோல் இருக்காது. உங்கள் மாடலில் இல்லையென்றால், சட்டைப்பையில் அடங்கும் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மணவறையில் வையுங்கள். இருந்தாலும் வையுங்கள்.

கேள்வி: ஏற்றும்போது கேமரா செத்துவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார். வாரண்டி போய்விடுமா?
– ஜெ.தா., நாகர்கோவில்

பயம் நியாயமானது, அளவு தெரிந்து பயப்பட வேண்டும். மேஜிக் லேன்டர்ன் கேனானின் ஃபர்ம்வேரை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காருவதில்லை. அது மெமரி கார்டில் இருக்கிறது. முதல் தடவை ஏற்றும்போது, ‘கார்டிலிருந்தும் தொடங்கலாம்’ என்ற ஒரு சிறு அடையாளத்தை மட்டும் கேமராவுக்குள் மாற்றி வைக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கேமராவைப் போடும்போதும் கார்டைப் பார்க்கும். அங்கே இருந்தால் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். சாதாரணக் கார்டைப் போட்டால் பழைய கேமராதான். கேமராவைப் போடும்போது செட் பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் ஏறாது.

தவறு நடக்கிற இடங்கள் சில உண்டு. கேனானின் ஃபர்ம்வேர் எண் பொருந்த வேண்டும்: 550டிக்கு 1.0.9, 5டி மார்க் 3க்கு 1.1.3 அல்லது 1.2.3. மெனுவின் கடைசிப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஏற்றும்போது பேட்டரி நிறைந்திருக்கட்டும். கார்டின் கதவைத் திறந்ததும் உருவிவிடாதீர்கள். சிவப்பு விளக்கு அணைந்து ஐந்து நொடி பொறுத்து எடுங்கள். கதவைத் திறந்த பிறகும் கேமரா உள்ளே ஏதோ முடித்துக்கொண்டிருக்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும் கார்டைப் பிடுங்குவது சமையல் நடக்கும்போது அடுப்பை உருவுவதற்குச் சமம். அடுத்தது, கம்ப்யூட்டரில் கார்டிலுள்ள கோப்புகளை மட்டும் அழித்துவிட்டுப் போட்டால் கேமரா ஒன்றும் செய்யாமல் விழிக்கும். செத்துவிட்டது என்று பதறாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, கார்டை எடுத்து முறையாக ஃபார்மட் செய்து போட்டால் எழுந்துவிடும். கேமராவிலேயே ஃபார்மட் செய்தால் மேஜிக் லேன்டர்னை வைத்துக்கொள்ளவா என்று அதுவே கேட்கும்.

வாரண்டியில் இருக்கும் கேமராவில் ஏற்றாதீர்கள் என்பதே என் கருத்து. நிறுவனம் ஒப்புக்கொள்ளாத மென்பொருள் இது; சர்வீஸ் மையத்தில் மறுத்தால் உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது. அந்த அடையாளத்தைப் பின்னால் நீக்கிவிடலாம் என்பது உண்மை. ஆனால் எழுதியவர்களே ‘உங்கள் பொறுப்பில் செய்யுங்கள்’ என்று சொல்லித்தான் தருகிறார்கள். கேமரா ஒன்றுதான், அதில்தான் குடும்பம் ஓடுகிறது என்றால், முதலில் மலிவான ஒரு பழைய கேமராவில் ஏற்றி ஒரு மாதம் பழகுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் எடுத்த வீடியோ முழுவதும் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கேமரா பழுதா? ஃபர்ம்வேர் மாற்றினால் போகுமா?
– சி.நே., யாழ்ப்பாணம்

கேமரா பழுதில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கும் மலிவான எல்இடி சரங்களும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் 1/50 நொடி என்றால் ஒவ்வொரு வரியும் சரியாக இரண்டு துடிப்பைப் பிடிக்கும். 1/100 என்றால் ஒன்றை. 1/60 வைத்தால் ஒன்றரைக்கு மேல், இரண்டுக்குக் கீழ். வரிக்கு வரி வெளிச்சம் மாறும். அதுதான் நீங்கள் பார்த்த பட்டை. கேமராவின் மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) என்று இருந்தால் பால் (50 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) என்று மாற்றி, 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வையுங்கள். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. இதற்குப் பிறகும் மேடை அலங்கார எல்இடிகளில் பட்டை வந்தால், அவை மின்சாரத்தின் கணக்கில் துடிப்பவை அல்ல. அப்போது ஷட்டரை இம்மி இம்மியாக நகர்த்த மேஜிக் லேன்டர்னில் வழியுண்டு. திரையைப் பார்த்தபடி பட்டை நிற்கும் இடத்தில் விட்டுவிடலாம்.

கேள்வி: 5டி மார்க் 3 இருக்கிறது. ரா வீடியோ எடுத்தால் சினிமாத் தரம் வருமாமே? முழுக் கல்யாணத்தையும் ராவில் எடுத்துக் கொடுக்கலாமா?
– கே.வெ., ஈரோடு

சென்சார் தருவதைச் சுருக்காமல் அப்படியே பதிவு செய்வதுதான் ரா. தரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்மை. முழுக் கல்யாணம் வேண்டாம்.

2013 மே மாதம், இந்தக் கேமராவிலிருந்து 14 பிட் ரா வீடியோவைத் தொடர்ச்சியாகக் கார்டில் எழுத முடியும் என்று மேஜிக் லேன்டர்ன்காரர்கள் காட்டினார்கள். மேலே சொன்ன மற்ற வசதிகள் கையில் கட்டுப்பாட்டைத் தருகின்றன. படத்தின் தரத்தையே நேராக உயர்த்துவது இதுதான். வழக்கமான வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட்டில் 16,384. வழக்கமான வீடியோவில் நிறம், வெளிச்சத்தைவிடக் கரடுமுரடாகவும் பதிவாகிறது: நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்ற கணக்கு.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம் பட்டுப்புடவையை மண்டப விளக்கில் எடுத்துப் பாருங்கள். வழக்கமான வீடியோவில் அந்தச் சிவப்பு ஒரே தட்டாகத் திரண்டு, மடிப்பு எது, நெசவு எது என்று தெரியாமல் ஒரு சிவப்புத் தகடு போல நிற்கும். ஜரிகையோடு அது சேரும் கோட்டில் நிறம் கசியும். அதே புடவையை ராவில் எடுத்து, எடிட்டிங்கில் சிவப்பைச் சற்றே இறக்கினேன். உள்ளே இருந்த கட்டங்கள் வந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் நெய்திருந்த சிறு மல்லிமொட்டு வந்தது. அந்தப் புடவையைத் தறியில் போட்ட கைக்கு அன்றுதான் மரியாதை செய்தோம் என்று தோன்றியது.

இப்போது விலையைப் பாருங்கள். 1920க்கு 1080 அளவில் 14 பிட் என்றால் ஒரு ஃபிரேம் 3.6 எம்பி. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் சுமார் 87 எம்பி. வேகமான சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) கார்டு இல்லாமல் நடக்காது. 64 ஜிபி கார்டு 12 நிமிடத்தில் தீரும். ஒரு மணி நேரத்துக்கு 313 ஜிபி. வழக்கமான வீடியோவில் அதே ஒரு மணி நேரம் 20 ஜிபிக்குள் அடங்கும். காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடியும் முகூர்த்தம் ஒன்றுக்கே ஒன்றேகால் டெராபைட். கார்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது தாலி கட்டிவிடுவார்கள். திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும், ரா வீடியோ பதிவாகும் எம்எல்வி கோப்புகளைத் தனி மென்பொருளில் போட்டு மாற்றி, நிறம் சேர்த்து, பிறகுதான் எடிட்டிங். ஆல்பம் எப்போது வரும் என்று பெண் வீட்டார் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நான் செய்கிற வழி இது. சடங்குகள் முழுவதும் வழக்கமான வீடியோவில். அலங்காரம் முடிந்து பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம், தாம்பாளத்தில் கூரைப்புடவையும் தேங்காயும், மாலையில் இருவரையும் வெளியே அழைத்துப் போய் எடுக்கும் காட்சிகள் ராவில். மொத்தம் இரண்டு கார்டு. அதிகக் கூலி வாங்கவும் அந்தக் காட்சிகள் போதும்.

ராவிலேயே இன்னொரு வித்தை உண்டு. சென்சாரின் வரிகளில் சிலவற்றை ஐஎஸ்ஓ 100இலும், அடுத்தவற்றை 800இலும் மாற்றி மாற்றிப் படிப்பது. நிழலில் உள்ள முகமும் வாசலுக்கு வெளியே உள்ள வெயிலும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் பாதி வரிகளின் நுணுக்கம் போகும்; மெல்லிய கோடுகள் படிப்படியாக உடையும். புகைப்படத்தில் நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன், வீடியோவில் கைவிட்டுவிட்டேன்.

550டி, 600டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அவற்றின் எஸ்டி கார்டு வழி நொடிக்குச் சுமார் 20 எம்பிக்கு மேல் போகாது. 14 பிட் ராவைத் தொடர்ச்சியாக எடுக்க 960க்கு 540 அளவுக்கு இறங்க வேண்டும். அந்தக் கேமராக்களில் ரா வேண்டாம். ஒலியையும் வெளிச்சத்தையும் சரியாக வைத்து எடுங்கள்.

கேள்வி: பானசோனிக் ஜிஎச்2 கேமராவிலும் இப்படிச் செய்யலாமா?
– மு.ஹ., சிங்கப்பூர்

செய்யலாம்; ஆனால் முறை வேறு. வித்தாலி கிசெல்யோவ் என்ற ரஷ்யர் 2010இல் ஜிஎச்1 கேமராவுக்காகவும், அடுத்து ஜிஎச்2க்காகவும் எழுதிய கருவி, பானசோனிக்கின் ஃபர்ம்வேர் கோப்பையே திருத்தித் தருகிறது. திருத்திய கோப்பைக் கேமராவுக்குள் நிரந்தரமாக ஏற்ற வேண்டும். கார்டை எடுத்தால் போய்விடுகிற விஷயம் இல்லை. அதனால் ஏற்றும்போது பேட்டரி தீர்ந்தால் ஆபத்தும் அதிகம். நாமக்கல் வாசகருக்குப் பிட்ரேட்டால் பெரிய பயனில்லை என்று சொன்னேன். ஜிஎச்2 அதற்கு விலக்கு. அதன் சென்சார் தரும் படம் நல்ல கூர்மையானது. அதிகபட்சம் 24 மெகாபிட்டுக்குள் நசுக்கியதால் இழந்தது அதிகம். 40, 60 மெகாபிட்டுக்கு ஏற்றினாலே நிழல்களில் கட்டம் கட்டமாகத் தெரிவது குறைந்துவிடும். 100க்கு மேல் போகிறவர்களும் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை.

கேள்வி: இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையா?
– பெ.ரா., சேலம்

கையில் பணமிருந்தால் தேவையில்லை. ஜீப்ரா, ஃபோகஸ் புள்ளிகள், ஒலி அளவு எல்லாம் இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. பலவற்றில் 10 பிட் பதிவும் உண்டு. மேஜிக் லேன்டர்ன் சில ஆண்டுகள் தேங்கிக் கிடந்து, 2025இல் மீண்டும் புதிய வெளியீடுகளோடு எழுந்திருக்கிறது. அதன் பயன் இப்போது பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கும், குறைந்த பணத்தில் கற்க வருபவர்களுக்கும்தான். அவர்கள்தான் நம்மிடம் அதிகம்.

கேள்வி: கல்லூரியில் குறும்படம் எடுக்க வேண்டும். அப்பாவின் பழைய கேனான் 50டி மட்டும்தான் இருக்கிறது. அதில் வீடியோ எடுக்கும் வசதியே இல்லை. வாடகைக்கு எடுக்கப் பணமில்லை. என்ன செய்வது அண்ணா?
– வ.க., திருவண்ணாமலை

தங்கையே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பீரோவில் இருக்கும் அந்தக் கேமராவால் வீடியோ எடுக்க முடியும்.

2008இல் வந்த 50டியில் வீடியோ என்ற மெனுவே கிடையாது. ஆனால் திரையில் நேரடியாகப் படம் பார்க்கும் லைவ் வியூ உண்டு. சென்சாரிலிருந்து படம் ஓடிவருகிறது, அதைச் சுருக்கும் சிப்பும் இருக்கிறது; பதிவு செய்யும் கதவை மட்டும் பூட்டியிருந்தார்கள். மேஜிக் லேன்டர்ன் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 1080 அளவில், நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோ கிடைக்கும். கேனான் ஃபர்ம்வேர் 1.0.9 இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். நாகர்கோவில் வாசகருக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். அறைக்குள் எடுக்கும்போது 30 ஃபிரேமாக இருந்தாலும் ஷட்டரை 1/50இல் வைத்தால் குழல் விளக்கின் பட்டை வராது.

ஒலி வராது. அந்தக் கேமராவில் மைக் என்ற உறுப்பே இல்லை. உங்கள் போனில் ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டு, அதை நடிப்பவரின் சட்டைப்பையிலோ, ஃபிரேமுக்கு வெளியே முகத்துக்கு அருகிலோ வையுங்கள். ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது ஒருவர் கேமராவுக்கு முன்னால் வந்து, காட்சி எண்ணை உரக்கச் சொல்லி, ஒருமுறை கை தட்டட்டும். இரண்டு உள்ளங்கையும் ஃபிரேமுக்குள் தெளிவாகத் தெரிய வேண்டும். வீடியோவில் ஒலி இல்லாததால், எடிட்டிங்கில் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான். கைகள் சேரும் ஃபிரேமைக் கண்டுபிடியுங்கள். ஒலிக்கோட்டில் தட்டிய சத்தம் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். நீளமான காட்சியென்றால் முடிவிலும் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். போனின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் பத்து நிமிடத்தில் சற்றே விலகியிருக்கும்.